நீதிமன்றத்துக்கு லினக்ஸ் வந்துவிட்டது, தட்டச்சர் மேசைக்கு இன்னும் வரவில்லை

அரசு அலுவலகங்களில், முக்கியமாக கோர்ட்டுகளில், ஓப்பன் சோர்ஸ் (லினக்ஸ் மாதிரி மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள்) வர வேண்டும் என்று நண்பர்கள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். அது வந்து பல வருஷமாகிறது. நம் வழக்கின் அடுத்த வாய்தா எப்போது என்று செல்போனில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இருக்கும் சி.ஐ.எஸ். என்ற வழக்குத் தகவல் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள்களை வைத்துத்தான் மத்திய அரசின் தகவலியல் மையமான என்.ஐ.சி. உருவாக்கியது. மாவட்ட நீதிபதி முதல் மாஜிஸ்திரேட் வரை உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் பயிற்சி கொடுத்தது உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி. 2015-இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கையோ இன்னும் தெளிவு: ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கே முன்னுரிமை, அதை ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஏன் தட்டச்சர் மேசையில் இன்னும் பழைய விண்டோஸ் ஓடுகிறது?

காரணம் தமிழ். நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சி வாக்குமூலமும் பல தீர்ப்புகளும் தமிழில்தான். அதை அடிப்பவர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து வேலைக்கு வந்தவர். அவர் விரல் பழகியது பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை, கண் பழகியது, எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடு குறியீட்டு முறைக்கு முந்தைய ஓர் எழுத்துரு. இந்த எழுத்துருக்கள் தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைப்பவை. பாமினி என்ற அப்படியொரு எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். அப்படி அடித்த தீர்ப்பை பி.டி.எஃப். ஆக்கி இணையத்தில் ஏற்றினால் கண்ணுக்குத் தமிழாக இருக்கும், தேடினால் ஒரு சொல்கூடக் கிடைக்காது. கட்சிக்காரர் பெயரைக்கூடத் தேட முடியாத தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் என்ன செய்வது?

இத்தனைக்கும் தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. லினக்ஸில் தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை மட்டுமல்ல, அந்தப் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்கிறது. எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். விரல் பழக்கம் மாறாமல் யூனிகோடில் அடிக்கலாம். இதை அந்தத் தட்டச்சரிடம் யாராவது உட்கார்ந்து காட்டினார்களா என்பதுதான் என் கேள்வி. நீதிபதிக்குப் பயிற்சி கொடுத்த அக்கறை, நாள் முழுக்க விசைப்பலகையில் வேலை செய்பவருக்கும் வேண்டாமா? மாலை ஐந்தரைக்கு, நகல் கொடுக்க வேண்டிய அவசரத்தில், லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் அட்டவணை கலைந்து போனால் அவர் யாரைக் கூப்பிடுவார்? ஆள் இல்லாவிட்டால் மறுநாளே பழைய மென்பொருளுக்குத் திரும்பிவிடுவார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம். சொத்து வழக்கின் தீர்ப்பைப் பேரன் காலத்தில் எடுத்துப் பார்க்கிற ஊர் இது. அன்றைக்கும் திறக்கிற கோப்பாக அது இருக்க வேண்டும். நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில், 2023-இல் ஒப்புதல் பெற்ற மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய். அதில் ஆவணங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்க மட்டும் 2,000 கோடிக்கு மேல். பழைய காகிதக் கட்டுகளுக்கு அந்தச் செலவு நியாயம். இன்றைக்குக் கணினியில் அடிப்பதையும் நாளைக்கு ஸ்கேன் செய்துதான் மீட்க வேண்டும் என்றால் வயிறு எரிகிறது.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிய பதிப்பு ஏறாத கணினிகளை இனி கழித்துவிடப் பார்ப்பார்கள். அவற்றில் பல லினக்ஸில் இன்னும் சில வருஷம் நன்றாகவே ஓடும். கழிப்பதாக இருந்தாலும் சரி, மாற்றுவதாக இருந்தாலும் சரி, முதலில் அதில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி எடுத்து வைக்க உத்தரவு போடுங்கள். கூடவே ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்துக்கும் லினக்ஸும் தமிழ்த் தட்டச்சும் தெரிந்த ஒருவரை, கூப்பிட்டால் வருகிற தூரத்தில், நியமியுங்கள்.