எரேமியா 29:11-க்கு முன்னால் 10 வசனங்கள் இருக்கின்றன

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” பின்னால் ஒரு சூரியோதயப் படம், கீழே சபையின் பெயர். வருஷம் முழுக்க அது பிரிட்ஜ் கதவில் இருக்கும்.

அட்டை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த அதிகாரத்தைத் திறந்து பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். ஏனென்றால் இப்போதைக்கு ஊர் திரும்பும் பேச்சே இல்லை. 10ஆம் வசனத்தில் கணக்கையும் சொல்லிவிடுகிறார்: 70 வருஷம். கடிதத்தை வாங்கிப் படித்த மூப்பர்களில் எத்தனை பேர் உயிரோடு திரும்பியிருக்க முடியும்? அந்த 70-க்கு அடுத்த வரிதான் நம் அட்டையில் இருப்பது.

இன்னும் ஓர் அதிகாரம் பின்னால் போனால் விஷயம் சூடு பிடிக்கிறது. 28இல் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தர் பெயரால் அடித்துச் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். (இன்றைக்கு என்றால் அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும்.) எரேமியா முதலில் சொல்வது “ஆமென்”. அப்படியே நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் நடக்கவில்லை. அனனியா அந்த வருஷமே, ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

இதைப் படித்த பிறகு, “இந்த வருஷமே உனக்குத் திருப்புமுனை” என்று 29:11-ஐ வைத்துப் பிரசங்கம் கேட்டால் எனக்கு நெருடுகிறது. வசனம் எரேமியாவுடையது, சொல்லும் செய்தி அனனியாவுடையது.

இதில் யாரும் வசனத்தை மாற்றவில்லை. எண்ணும் சரி, எழுத்தும் சரி. எங்கே வெட்டுவது என்பதை மட்டும் வேறொருவர் முடிவு பண்ணியிருக்கிறார். அதுவே ஒரு கருத்துதான். தினமும் காலையில் போனுக்கு வரும் ஒற்றை வசனமும் அப்படித்தான். கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13 பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பென்சில் பாக்ஸில் ஸ்டிக்கராக இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பேசுவது பட்டினி கிடக்கவும் பழகிக்கொண்டதைப் பற்றி, அதுவும் காவலில் இருந்துகொண்டு. அவர் எண் போட்டு எழுதவும் இல்லை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர், 1551இல்.

“அப்படியானால் போதகர் எதற்கு, விளக்கம் சொல்ல ஆள் வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும். அப்போஸ்தலர் 8இல் வரும் எத்தியோப்பிய மந்திரியும் சுவிசேஷகனாகிய பிலிப்புவிடம் அதைத்தான் கேட்டார். ஆனால் பிலிப்பு வரும்போது அவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை நாம் விட்டுவிடுகிறோம். பெரோயா ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பவுல் சொன்னதையே வேதத்தோடு தினமும் ஒத்துப் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17. இன்றைக்கு ஒரு சபையில் எழுந்து “ஐயா, அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லையே” என்று கேட்டுப் பாருங்கள், என்ன பெயர் கிடைக்கிறதென்று தெரியும்.

பெரோயாவில் ஆளுக்கொரு வேதப்புத்தகம் கிடையாது. நமக்கோ 1715இலேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், அங்கேயே சின்ன எழுத்து வார்த்து அச்சடித்தார்கள். அவ்வளவு பாடுபட்டது ஜனங்கள் கையில் எடுத்து வாசிக்கத்தான். இப்போது முழு வேதாகமமும் போனில் இலவசமாகக் கிடைக்கிறது, நாமோ தின வசனத்துக்கு ஒரு ஆமென் போட்டுவிட்டுக் கடந்துபோகிறோம்.

எரேமியா 27இலிருந்து 29 வரை மூன்றே அதிகாரம். நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். யூடியூப் பிரசங்கத்தையும் வியாக்கியானப் புத்தகத்தையும் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். அப்போது அவர்களிடம் கேட்க நமக்கும் ஒரு கேள்வி இருக்கும்.