குடும்பமே தட்டை வழிக்குமாம்!

'டச்சு அவன்' (Dutch oven) என்ற கனத்த இரும்புப் பாத்திரத்துக்குச் சமையல் குறிப்பு எழுதுபவர்கள் வீட்டில் அதையெல்லாம் யார்தான் சாப்பிடுகிறார்களோ! "குடும்பமே தட்டை வழித்துச் சாப்பிடும்" என்று தவறாமல் ஒரு வரி வேறு. அந்தக் கனத்த இரும்பு மூடி ஆவியை லேசில் வெளியே விடாது; ஊற்றிய தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயேதான் கிடக்கும். அது தெரிந்தும் தாராளமாக ஊற்றச் சொல்கிறார்கள். கடைசி அரை மணி நேரம் மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், சாறு சுண்டும் என்று எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்? திறந்தால் கேரட் கூழாகி, இறைச்சி நார்நாராக மிதக்கிறது. சின்னவள் கரண்டியால் துழாவிவிட்டு, "அம்மா, இதில் சாப்பிடுவது எது?" என்கிறாள். அவள் அப்பா, "நல்லாத்தான் இருக்கு" என்றபடியே பிரெட் பாக்கெட்டைப் பிரிக்கிறார். அப்புறம் பாத்திரம் கழுவும் வேலை. காலியாக இருந்தாலே சுமார் 5 கிலோ. எங்கே காலியாகிறது?