25 வருஷம் எரிபொருளுக்குத்தான், உதிரிபாகத்துக்கு இல்லை

அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலுக்கு 25 வருஷம் எந்த உதிரிபாகமும் மாற்ற வேண்டியதில்லை, அதனால் மதுரை கப்பலூர் தொழிற்பேட்டைப் பட்டறைகள் கடற்படை ஆர்டரை எதிர்பார்க்க வேண்டாம் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள்.

அண்ணே, அந்த 25 வருஷக் கணக்கு அணு உலையின் எரிபொருளுக்கு மட்டும். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல்களின் ஆயுள் சுமார் 50 வருஷம். நடுவில் ஒரு முறை எரிபொருளை மாற்றுகிறார்கள். உலை செய்வது தண்ணீரை நீராவியாக்கும் வேலைதான். அப்புறம் டர்பைன், பம்பு, வால்வு, பேரிங், சீல் எல்லாம் வழக்கம்போலத் தேயும். டேங்க் நிறைய டீசல் இருந்தால் மாட்டுத்தாவணி பஸ்ஸுக்கு டயர் தேயாதா? கப்பலின் மேல்தளத்தில் இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடத்தையோ நூறு சொச்சம் தரையிறக்கத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும்.

சரிபார்க்க, நிமிட்ஸ் வகையைச் சேர்ந்த 'ஜார்ஜ் வாஷிங்டன்' கப்பலின் இடைக்காலப் பராமரிப்பு பற்றி அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் தேடுங்கள். 2017-இல் உள்ளே போனது 2023-இல்தான் வெளியே வந்தது. எரிபொருள் மட்டும் மாற்றவா ஆறு வருஷம்?

இன்னொன்று, நம் விமானந்தாங்கியான விக்ராந்த் அணுசக்திக் கப்பலே இல்லை. நான்கு கேஸ் டர்பைன்களில் ஓடுகிறது. 2022 ஜூலையில் கப்பல் கடற்படைக்கு வந்தபோது பத்திரிகை தகவல் அலுவலகம் விட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது.