சிஎஸ்ஆர் அறிக்கையில் எது வரும் என்று முடிவு செய்வது யார்?

ஒரு நிறுவனம் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன செய்தது என்று சொல்லும் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) அறிக்கையை எழுதுவது சிஎஸ்ஆர் துறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: எழுதுவது நாங்கள், எது உள்ளே வரும், எது வராது என்று முடிவு செய்வது எம்டி, அதாவது நிர்வாக இயக்குநரின் அறை. ஒரு நிறுவனத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பல வாரங்கள் பழுதாகிக் கிடந்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதி அனுப்பினோம். திரும்பி வந்த டிராஃப்டில் அந்தப் பத்தி இல்லை. அந்த இடத்தில் மரக்கன்று நடும் படம் இருந்தது. பொய் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உண்மையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள்.

ஃபோக்ஸ்வாகனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-க்குள் உலகின் தலைசிறந்த கார் நிறுவனமாக மட்டுமல்ல, சுற்றுச்சூழலிலும் முதலிடம் பிடிக்க வேண்டும் என்பது தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் வைத்த இலக்கு. நிறுவனத்தின் அறிக்கைகளும் அதையே பேசின. 2015 செப்டம்பரில், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பில் நிறுவனங்களை மதிப்பிடும் டோ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு வாகனத் துறையில் அதற்கு முதலிடம் கொடுத்தது. அதே மாதம் 18-ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உண்மையைப் போட்டு உடைத்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை வெளியேறியது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்கள். ஐந்தே நாளில் வின்டர்கார்ன் பதவி விலகினார். அதுவரை அத்தனை பக்க அறிக்கைகளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, இங்கே என்ன நிலைமை? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, சட்டம் சொல்லும் அளவுக்குப் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனது என்று நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது பணத்துக்கு மட்டுமே கணக்குக் கேட்கிறது. அந்த லாபத்தைச் சம்பாதித்தபோது ஊருக்கு என்ன ஆனது என்று கேட்பதில்லை.

அதைக் கேட்பது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கொண்டுவந்த பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை. 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு இது கட்டாயம். கட்டிய அபராதங்களையும் அதில் சொல்ல வேண்டும், ஆனால் முக்கியமானவற்றை மட்டும். எது முக்கியம்? செபி சில அளவுகோல்களை வைத்திருக்கிறது. என்றாலும் அதைத் தீர்மானிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் போர்டு (இயக்குநர் குழு), தன் உயர் நிர்வாகிகளிடமே ஒப்படைக்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். யாருடைய முடிவால் அபராதம் வந்ததோ, அவர்களே அது சொல்லத்தக்கதா என்றும் முடிவு செய்யலாமா?

இந்த அதிகாரம் நிர்வாகத்தில் இல்லாத, தனி இயக்குநர்கள் கையில் இருக்க வேண்டும். எம்டியின் போனஸ் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதும் அதே அறிக்கையில் அச்சாக வேண்டும். உற்பத்தியும் லாபமும் மட்டும்தான் என்றால், அதைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். உங்களிடம் பத்துப் பங்கு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசலாம். அறிக்கையில் எது வரும் என்று முடிவு செய்வது யார், எம்டியின் போனஸ் எதை வைத்து? இந்த வருடம் இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள்.