விலையையும் எழுதுங்கள், அளவையும் காட்டுங்கள்

போன வாரம் ஒசூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர், ஒரு புகைப்படக்காரருக்கு நான் செய்துகொடுத்த இணையதளத்தை ஃபோனில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு ஃபோட்டோ 18,000 ரூபாயா? இதோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு. எனக்கு இது போதுமே?" குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ரசம் வந்துவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக வெப்சைட் வடிவமைப்பதுதான் தொழில். பெரும்பாலும் துணிக்கடை, கிளினிக், பள்ளிக்கூடம். கலைப் புகைப்படக்காரர் ஒருவருக்குக் காட்சிக்கூடமும் கடையும் சேர்த்துச் செய்தது போன வருஷம்தான் முதல் தடவை. அவர் கோலார் தங்கவயல்காரர். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது இவருக்கு இருபது வயது. ஊரில் பாதிப் பேரைப் போல இவரும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோக ஆரம்பித்தார். லீவு நாட்களில் கேமராவோடு சயனைடு மேடுகளை, அதாவது தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் குன்றுகளை, சுற்றுவார். சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்து இப்போது பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகளையும், சுரங்கக் குழிக்கு மேலே துருப்பிடித்து நிற்கும் ஷாஃப்ட் சக்கரங்களையும் இருபது வருஷத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் அண்ணன்.

முதலில் நான் செய்துகாட்டியது துணிக்கடைக்குச் செய்வது போலத்தான். வரிசைக்கு நாலு படம், ஒவ்வொன்றின் கீழும் விலை, 'கூடையில் சேர்' பொத்தான், மூலையில் தள்ளுபடிப் பட்டை. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "ஏம்மா, இதுல என் படமெல்லாம் சட்டை மாதிரி தெரியுது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். 2023இல் கட்டடம் திறந்ததிலிருந்து பலமுறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை. "படத்தைப் பார்க்காத, பார்க்கிறவங்களைப் பாரு" என்றார். பார்த்தேன். தூரத்தில் நிற்கிறார்கள். கிட்டே போகிறார்கள். மூக்கு ஒட்டுகிற அளவுக்குப் போய்விட்டுத் திரும்பப் பின்னால் வருகிறார்கள். அதன்பிறகுதான் ஓரத்தில் இருக்கும் சீட்டைப் படிக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு படத்தைப் பார்க்கிறவர் ஒருவர்கூட இல்லை.

திரும்பி வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஒரு திரைக்கு ஒரே படம். சுற்றிலும் காலி இடம். பெயர், அளவு, விலையெல்லாம் படத்துக்கு வெளியே, கொஞ்சம் கீழே. படத்தின் மேல் எந்த எழுத்தும் இல்லை. கறுப்புப் பின்னணி வேண்டவே வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். கறுப்பில் வைத்தால் எந்தப் படமும் ஜொலிக்கும், அதுதான் ஆபத்து. திரைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, காகிதத்துக்கு இல்லை. ஃபோனில் ஜொலித்ததைப் பார்த்து வாங்கியவர், சுண்ணாம்புச் சுவரில் மாட்டியதும் 'இருட்டாக இருக்கிறதே' என்பார். அதனால் வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சாம்பல் நிறத்தை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டுச் சுவர் மாதிரி.

நிறத்தைப் பற்றி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். அண்ணன் அடோபி ஆர்ஜிபி என்ற, அதிக நிறங்களைப் பிடிக்கும் நிறவெளியில் வேலை செய்கிறார். பக்கம் சீக்கிரம் திறக்கவேண்டும் என்று நான் படங்களைச் சுருக்கினேன். சுருக்கும் கருவி, படம் எந்த நிறவெளியில் இருக்கிறது என்று சொல்லும் நிறக் குறிப்பைக் கழற்றி எறிந்துவிட்டது. குறிப்பு இல்லாத படத்தைப் பிரவுசர் எஸ்ஆர்ஜிபி, அதாவது இணையத்தில் வழக்கமான சிறிய நிறவெளி, என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, சாயங்கால வெயிலில் செம்பாய்ச் சிவந்திருந்த சயனைடு மேடு சாம்பல் குவியல்போல ஆகிவிட்டது. இரண்டு நாள் அப்படியே இருந்தது, நான் கவனிக்கவில்லை. முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், பிறகு சுருக்குங்கள், குறிப்பைக் கழற்றவிடாதீர்கள்.

சரி, உறவுக்காரர் கேள்விக்கு வருகிறேன். 18,000 ரூபாய் எதற்கு?

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் பியானோ பயின்றவர். நெகட்டிவை ஸ்வரக் குறிப்புக்கும் அச்சைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர். ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் பிடித்துவைத்திருப்பது அந்தக் குறிப்பின் நிழல்கூட இல்லை. அண்ணன் அச்சிடுவது ஹானமியூலே காகிதத்தில். 1584இலிருந்து இயங்கும் ஜெர்மன் ஆலை. முழுக்கப் பருத்தி, சதுர மீட்டருக்கு 308 கிராம். கையில் எடுத்தால் சலசலக்காது, மெத்தென்று இருக்கும். மையில் இருப்பது கரையும் சாயம் இல்லை, நிறமித் துகள். அதனால்தான் சீக்கிரம் வெளுக்காது. நாலு பக்கமும் இரண்டு அங்குல வெள்ளை விளிம்பு, கீழே பென்சிலில் பிரதி எண்ணும் கையெழுத்தும். ஒரு அச்சு அவருக்குத் திருப்தியாக வருவதற்குள் மூன்று சோதனைத் தாள்கள் வீணாகிவிடும்.

இதை எழுதி விளக்கினால் யார் படிப்பார்கள்? ஒரு அச்சின் மூலையை ஜன்னல் பக்கம் சாய்த்துவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டப்போய் எடுத்தோம். காகிதத்தின் சொரசொரப்பு தெரிகிறது, பென்சில் கோடு அழுந்திய பள்ளம் தெரிகிறது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கடைசியில் அதைத்தான் வைத்திருக்கிறேன். விசாரிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மூலையைப் பற்றித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

அளவு விஷயத்தில் ஒரு வருத்தம் நடந்தது. முதல் ஆர்டர் கோயம்புத்தூரிலிருந்து, 12க்கு 18 அங்குலம். பிரித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஃபோன் செய்தார்: "இவ்வளவு சின்னதா இருக்கும்னு நினைக்கலை தம்பி." அண்ணனுக்குப் பேச்சே வரவில்லை. தப்பு அவருடையதும் இல்லை, அந்த அம்மாவுடையதும் இல்லை. திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு, அங்குலக் கணக்கு யார் கண்ணிலும் நிற்காது. அன்றைக்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று அளவுகளையும் மாறி மாறி மாட்டி, கீழே வயர் பின்னிய நாற்காலி ஒன்றைப் போட்டு எடுத்தேன். நாற்காலி எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் அந்த மாதிரி ஃபோன் வரவில்லை. அந்த அம்மாவுக்குப் பெரிய அளவே மாற்றி அனுப்பினோம்.

பெரிதாகவே அச்சிட்டுத் தள்ளலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு. 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 வைத்தால் 20க்கு 13 அங்குலம்தான். 200 வைத்து 30க்கு 20 வரை போகலாம், சுவரில் தள்ளிநின்று பார்க்கிற படத்துக்கு அது போதும். அதற்குமேல் அண்ணன் சம்மதிப்பதில்லை. ஃப்ரேம் கடையில் ரெடியாகத் தொங்கும் 16க்கு 20 சட்டத்துக்காக ஓரத்தை வெட்டவும் சம்மதிப்பதில்லை. ஆகவே அந்த அளவு கடையிலேயே கிடையாது.

நான் சண்டை போட்டு ஜெயித்தது விலையில். கேலரிகளில் 'விலைக்குத் தொடர்புகொள்ளவும்' என்று போடுவது வழக்கம், அண்ணனும் அப்படியே போடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிக்பேட் பட்டுப்புடவைக் கடையில் விலைச்சீட்டு இல்லாத புடவையை என் அம்மா தொடவே மாட்டார். கேட்டால் வாங்கியாகவேண்டும் என்ற கூச்சம். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். விலையை மறைத்தால் 'இது உனக்கான இடம் இல்லை' என்று வாசலிலேயே சொன்ன மாதிரி. ஒவ்வொரு ஜனவரியிலும் குமார க்ருபா ரோட்டில் சித்திரச் சந்தை நடக்கிறதே, ஒரே நாளில் அவ்வளவு ஜனம் அங்கே படம் வாங்குகிறதே, ஏன்? ஓவியர் நடைபாதையில் பக்கத்திலேயே நிற்கிறார், விலை கண்ணெதிரே இருக்கிறது. ஒரு தங்கவயல் குடும்பம் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, விலையைப் பார்த்து மூன்று மாதம் சேர்த்துவைத்து வாங்கவேண்டும் என்றால், விலை அங்கே இருக்கவேண்டும்.

எண்ணிக்கையிலும் அதே நேர்மை வேண்டும். ஆந்திரியாஸ் குர்ஸ்கி எடுத்த ரைன் நதிப் படம் 2011இல் ஏலத்தில் 43 லட்சம் டாலரைத் தாண்டியது. அதன் பதிப்பே, அதாவது மொத்தப் பிரதிகளே, ஆறுதான். குறைவாக இருக்கும் என்ற வாக்கை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். 'பதினைந்து பிரதி மட்டும்' என்று விற்றுவிட்டு, அளவை மாற்றி இன்னொரு பதினைந்து, அப்புறம் கேன்வாஸில் பதினைந்து என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அண்ணன் ஒரு படத்துக்கு எல்லா அளவும் சேர்த்துப் பதினைந்து பிரதிதான் போடுகிறார். எத்தனை போயிற்று, எத்தனை மீதி என்பது பக்கத்திலேயே தெரியும். இதைச் செய்யும்போது ஒரு சிக்கல்: ஒருவர் யுபிஐயில் பணம் கட்டிவிட்டார், உறுதி வர நேரமானது, அதற்குள் அவர் வாங்கிய அதே ஏழாம் எண் பிரதி இன்னொருவருக்கும் போய்விட்டது. இப்போது பணம் கட்டும் பக்கத்துக்குள் நுழைந்ததுமே இருபது நிமிஷத்துக்கு அந்த எண் யாருக்கும் போகாது.

திருட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ரைட் கிளிக்கைப் பூட்டுவதால் பயன் இல்லை, உறவுக்காரரே பந்தியில் நிரூபித்துவிட்டார். அகலம் 1600 புள்ளிக்குமேல் ஏற்றுவதில்லை, அவ்வளவுதான். அதில் சுவர்ப்படம் அச்சிட முடியாது. ஆனால் இன்னொன்றைச் சொல்லவேண்டும். அச்சை வாங்கியவருக்கு அந்தக் காகிதம் சொந்தம், காப்புரிமை சொந்தம் இல்லை. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து புகைப்படத்துக்கும் எடுத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருஷமும் உரிமை உண்டு. வாங்கிய படத்தைக் கம்பெனி காலண்டரில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். அது தனிப் பேச்சு, தனிக் கட்டணம்.

படங்களின் பெயர் தமிழில்தான் முதலில் வருகிறது, அப்புறம் கன்னடம், ஆங்கிலம். 'செகண்ட் ஷிஃப்ட்', 'சங்கு ஊதியாச்சு', 'தண்ணி வராத குழாய்'. லைன் வீடுகளில் பேசிய தமிழ் அப்படியே.

அந்த உறவுக்காரரும் இதைப் படிப்பார் என்று தெரியும். மாமா, 'சங்கு ஊதியாச்சு' ஒன்பதாம் எண் பிரதி திங்கட்கிழமை திருச்சிக்குப் போகிறது. ஞாயிறு மாலை வரை எங்கள் வீட்டு மேஜையில், மெல்லிய தாள் போர்த்தி வைத்திருப்பேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காபி முதலில் குடித்துவிடலாம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அந்தத் தாளை எடுக்கவேண்டும், பருத்திக் காகிதத்தில் ஈரம் பட்டால் போகாது.