கோப்பைக் கணக்கில் வராத நாய்கள்

நேற்று நம் நாய்ப் பயிற்சி கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் வாசித்த அறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். வந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். வராதவர்களுக்கும் அதன் பிறகு குரூப்பில் நடந்த கூத்து தெரிந்திருக்கும். ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் எழுத வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். காலையிலும் கோபம் போகவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

சாதனைகள் என்று பக்கம் பக்கமாக வந்தது. சொன்னபடி கேட்கும் ஒபீடியன்ஸ் போட்டியில் யார் முதலிடம், தடை தாண்டி ஓடும் அஜிலிட்டியில் எந்த நாய் ஒரு தடையைக்கூடத் தட்டாமல் ஓடி முடித்தது, யார் என்ன பட்டம் வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் நானும் கைதட்டினேன், மனதாரத்தான் தட்டினேன். அப்புறம் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "தொடக்கநிலை வகுப்புகளும் நடைபெற்றன." அவ்வளவுதான். வருடம் முழுக்க மைதானத்துக்கு வந்துபோன நாய்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குள் போய்விட்டன.

குரூப்பில் கேட்டேன். தன்மையாகத்தான் கேட்டேன். வந்த பதில்: "உட்காருன்னா உட்காருறதையெல்லாம் சாதனையில சேக்கணுமா?" அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. சிரித்தவர்களில் சிலருடைய நாய்கள் நான் எடுக்கும் வகுப்பில்தான் உட்காரக் கற்றுக்கொண்டன. அது வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆமாம், சேர்க்கணும். அதைத்தான் முதல் பக்கத்தில் சேர்க்கணும்.

இந்த வருடம் வந்த ஒரு நாயைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், வீட்டுக்காரர் இதைப் படிப்பார். வளர்ந்த நாய், கலப்பினம், முன்பின் தெரியாத ஆண்களைக் கண்டாலே ஆகாது. முதல் வகுப்பில் மைதானத்தின் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. வால் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பியதில் வெள்ளை ஓரமாகத் தெரிந்தது. மூக்குக்கு நேரே இறைச்சித் துண்டை வைத்தாலும் மோந்து பார்க்கவில்லை. பிடித்த தீனியையே ஒரு நாய் தொடவில்லை என்றால் அதற்குள் எவ்வளவு பயம் ஓடிக்கொண்டிருக்கும் என்று நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால் அது நின்ற இடத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனோம். எங்கள் தன்னார்வலர் ஒருவர் கேட்டுக்கு வெளியே நல்ல தூரத்தில், பக்கவாட்டில் திரும்பி நிற்பார். நாயைப் பார்க்க மாட்டார், கூப்பிட மாட்டார், கையை நீட்ட மாட்டார். நாய் அவரைப் பார்த்த அடுத்த நொடி வீட்டுக்காரர் ஒரு துண்டைத் தரையில் போடுவார். தன்னார்வலர் மரத்துக்குப் பின்னால் மறைந்தால் தீனியும் நின்றுவிடும். அந்நிய ஆள் தெரிந்தால் தீனி வரும் என்று நாய் பழக வேண்டும், மொத்தப் பயிற்சியும் இதுதான். வேடிக்கை பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். வாரம் போகப் போக அந்தத் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நடுவில் யாரோ பிரியமாகத் தலையைத் தடவப்போக, எல்லாம் கெட்டு, மறுபடியும் கேட்டுக்கு வெளியிலிருந்து ஆரம்பித்தோம். கடைசி வகுப்பில் அந்த நாய் அதே தன்னார்வலர் பக்கத்தில் போய், தொங்கவிட்டிருந்த அவர் கையை மோந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. வால் தளர்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மா, நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற யோசனையோடு எங்களிடம் வந்தவர். நாய் இன்றும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

இந்த நாய்க்குக் கோப்பை கிடையாது, போட்டோ கிடையாது, மேடையும் கிடையாது. அறிக்கையில் அரை வரியாவது கொடுத்திருக்கலாம் அல்லவா?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல நாய்கள் வீட்டை இழப்பது இப்படிப்பட்ட விஷயங்களால்தான். பாய்கிறது, குரைக்கிறது, இழுக்கிறது, குழந்தையைப் பார்த்து உறுமுகிறது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர்கள் சங்கம் குட்டிகளைப் பழக்குவது பற்றி 2008இல் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைச் சிக்கல்கள்தான் என்று அதில் இருக்கிறது. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆகியிருந்தால் ஏழெட்டு வார வயதிலேயே குட்டியை வகுப்பில் சேர்க்கலாம் என்றும் சொல்கிறார்கள். காரணம், குட்டி எளிதாகப் பழகுகிற அந்தக் காலம் சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் நாய்க்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வை 1965இல் நூலாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, அதுதான் பின்னாளில் அதன் உலகம். நம் குட்டி வகுப்பில் குடையை விரித்துக் காட்டுவதும், தட்டைக் கீழே போட்டுச் சத்தம் எழுப்புவதும், தொப்பி போட்டவர், கைத்தடி ஊன்றியவர், சக்கர நாற்காலியில் வருபவர் என்று ஒவ்வொருவராக நடக்கவிடுவதும் இதற்காகத்தான். அதை "குட்டிகளை விளையாட விடுறாங்க" என்று நேற்று ஒருவர் சொன்னார். மேடையிலிருந்தே சொன்னார்.

இப்போது சொல்வார்கள்: "உனக்குப் போட்டி பிடிக்காது, அதான்."

போட்டி எனக்குப் பிடிக்கும். நல்ல ஹீல்வொர்க், அதாவது நாய் ஆளின் காலோடு ஒட்டி நடப்பதை, பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். நாயும் ஆளும் ஒரே மூச்சில் திரும்புவதைப் பார்ப்பதைவிட அழகு எனக்கு வேறு இல்லை. ஆனால் இந்தப் போட்டியே எங்கிருந்து வந்தது என்று யோசித்தோமா? ஹெலீன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண் வளர்த்தவை ஸ்டாண்டர்டு பூடில்கள். முடி வெட்டி அழகு பார்க்கிற நாய் என்றுதான் ஊரெல்லாம் அவற்றை நினைத்தது. அவற்றுக்கு அறிவும் உண்டு என்று காட்டத்தான் அவர் 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஒபீடியன்ஸ் சோதனையை நடத்தினார். 1936இல், நாய் இனப் பதிவையும் போட்டிகளையும் கவனிக்கும் அமெரிக்கக் கென்னல் கிளப் அதை ஏற்றுக்கொண்டது. அதோடு அவர் வீட்டில் உட்காரவில்லை. 1937இல் பிளாஞ்ச் சாண்டர்ஸ் என்ற பயிற்சியாளரையும் பூடில்களையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, நாயை எப்படிப் பழக்கலாம் என்று மக்களுக்குக் காட்ட நாடு முழுக்கப் பயணம் போனார். அமெரிக்காவில் இந்த விளையாட்டைத் தொடங்கியவரே சாதாரண ஆளிடமும் அவருடைய நாயிடமும்தான் போனார். நாம் எப்போது அவர்களை விட்டுவிட்டுக் கோப்பைப் பக்கம் மட்டும் திரும்பினோம்?

அஜிலிட்டியும் அப்படித்தான். 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்துக்குக் காட்டிய காட்சி ஓட்டம் அது. குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து அமைத்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்ததால் வளர்ந்தது. அதிகம் சொல்ல எனக்கு அஜிலிட்டி தெரியாது, அதை ஓட்டுபவர்கள் சொல்லட்டும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் நியாயமானது. "கோப்பையை எண்ணலாம். பயம் போனதை எப்படி எண்ணுவது?" கமிட்டியில் ஒருவர் தனியாக அழைத்துக் கேட்டார், மரியாதையாகவே கேட்டார். அவருக்கு என் பதில் இது. எண்ண வழி இருக்கிறது, உலகத்துக்கே தெரிந்த வழி. அமெரிக்கக் கென்னல் கிளப் 1989இல் நல்ல குடிமகன் நாய்ச் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பத்தே அம்சங்கள். அந்நியர் ஒருவர் வந்து பேசும்போது நிதானமாக இருக்க வேண்டும். தடவிக் கொடுத்தால் உட்கார்ந்திருக்க வேண்டும். காதையும் பாதத்தையும் தொட விட வேண்டும். கயிறு தளர்வாக நடக்க வேண்டும், கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். உட்கார், படு, இரு என்றால் கேட்க வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். இன்னொரு நாயைக் கண்டு பாயக் கூடாது. திடீர்ச் சத்தத்தில் மிரண்டு ஓடக் கூடாது. கடைசியாக, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் மூன்று நிமிடம் வேறொருவரோடு இருக்க வேண்டும். சோதனை நடக்கும்போது தீனி காட்டக் கூடாது. கலப்பின நாய்க்கும் அனுமதி உண்டு. வீட்டுக்காரர் பொறுப்பாக வளர்ப்பேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டனில் 1992இல் இதே மாதிரி ஒரு திட்டம் வந்தது, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக. தேர்ச்சி பெற்ற நாய்கள் எத்தனை என்று எண்ணலாம், பட்டியல் போடலாம், கைதட்டலாம். நம் தொடக்கநிலை வகுப்புப் பாடம் கிட்டத்தட்ட இந்தப் பத்துதான். எண்ண முடியாமல் இல்லை. எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கோப்பையைப் பார்த்துத்தான் புது உறுப்பினர்கள் வருகிறார்கள்" என்றும் ஒரு வாதம். வகுப்புக்கு வருபவர்களை நான்தான் முதலில் சந்திக்கிறேன். கோப்பையைப் பற்றிக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. "இழுத்து இழுத்துத் தோள்பட்டை போச்சு" என்று வருகிறார்கள். "வீட்டுக்கு யாரும் வர மாட்டேங்கறாங்க" என்று வருகிறார்கள். இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

இன்னொன்றும் காதில் விழுந்தது. என் நாய் ஜெயிக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறேனாம். என் மின்னி இளமையில் போட்டிக்குப் போயிருக்கிறாள், பரிசும் வாங்கியிருக்கிறாள். பழைய ஆட்களைக் கேளுங்கள். அவள் வாங்கிய ரிப்பன் எங்கே இருக்கிறது என்று இன்று எனக்கே தெரியாது. ஆனால் போன வருடம் அவளுக்குக் காதில் புண் வந்து, தொட்டாலே துடித்தபோது, என் உள்ளங்கையை நீட்டினேன். தாடையை அதில் கொண்டுவந்து வைத்தாள். மருத்துவர் காதைத் திறந்து பார்த்து, சுத்தம் செய்து, மருந்து விட்டு முடிக்கும் வரை தாடையை எடுக்கவில்லை. உடம்பு நடுங்கியது, தாடை மட்டும் கையிலேயே இருந்தது. நடுவில் ஒரு தடவை எடுத்தாள். மருத்துவரும் கையை எடுத்தார். அவளே திரும்ப வைத்தாள். கட்டிப்பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை, வாய்க்கட்டு வேண்டியிருக்கவில்லை. தாடையைக் கையில் வைக்க அவள் கற்றது எந்தப் போட்டி வகுப்பிலும் இல்லை. தொடக்கநிலை வகுப்பில், "இதெல்லாம் எதுக்கு" என்று பலர் கொட்டாவி விடுகிற பாடத்தில்.

அப்புறம் அந்தக் கடைசி கமென்ட். "பயந்த நாயையெல்லாம் தாஜா பண்ணாதீங்க, நாலு இழுப்பு இழுத்துத் தலைவன் யாருன்னு காட்டுனா சரியாயிடும்." இத்தனை வருடம் கிளப்பில் இருந்துவிட்டு இதைச் சொல்வதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது. அந்தத் தலைவன் கதை எங்கிருந்து வந்தது? ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதிலிருந்து. ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூலால் அது எங்கும் பரவியது. அதே மெக், காட்டில் ஓநாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, 1999இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, அவர்களுடைய குட்டிகள். சண்டை போட்டுப் பதவி பிடித்த தலைவன் அங்கே இல்லை. எழுதியவரே கைவிட்டதை நாம் இன்னும் ஒரு நாயின் கழுத்தில் போட்டு இறுக்குகிறோம். பயந்த நாயை இழுத்தால் அது சும்மா நிற்கும்தான். ஆனால் அது அடங்கி நிற்கிறதா, உறைந்து நிற்கிறதா என்று அதன் கண்ணைப் பார்த்தால் தெரியும். உறுமுவதை அடித்து நிறுத்திய நாய், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

எனக்காக நான் கேட்கவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கூம்பு அடுக்கி, தண்ணீர் வைத்து, வகுப்பு முடிந்ததும் கழிவைப் பொறுக்கிப்போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மரத்துக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் நின்றவர் ஒரு சம்பளமும் வாங்குவதில்லை. அவர் நேற்று கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கோப்பைக்கும் கைதட்டினார். பாதி வகுப்பில் நின்றுபோனவர்களை மறுநாள் கூப்பிட்டு, "நாய் எப்படி இருக்கு, வாங்க, தனியா பார்ப்போம்" என்று பேசுகிறவரும் அவர்தான். அவர் பெயரை மேடையில் யாரும் சொல்லவில்லை. அவர் அனுமதி இல்லாமல் இங்கே நானும் சொல்ல முடியாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு இந்த வருடத் தொடக்கநிலை வகுப்பின் பட்டியலோடு வருகிறேன். எத்தனை நாய்கள் வந்தன, எத்தனை முடித்தன, எவை நின்றுபோயின, ஏன் நின்றுபோயின, எல்லாம் அதில் இருக்கும். அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் அதைச் சேர்க்கச் சொல்வேன். சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.