பாலிசியில் பிளம்பர் இருந்தார், பொருளாளர் இல்லை

எங்கள் குடியிருப்பில் 72 வீடுகள். மாதப் பராமரிப்பு வீட்டுக்கு 3,500 ரூபாய். அது போக, பெரிய செலவுகளுக்கென்று பில்டர் ஒப்படைத்த கார்ப்பஸ் பணம் 36 லட்சம் எஃப்டியில் இருந்தது. முழுசாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பழைய லிஃப்டை மாற்றுவதற்கு அட்வான்ஸாகக் கொடுத்த செக் திரும்பிவிட்டது என்று கம்பெனிக்காரர் போன் செய்த அன்று வங்கிக்கு ஓடினேன். நான் அப்போது சங்கச் செயலாளர். தலா 5 லட்சத்தில் இரண்டு எஃப்டிகளை முதிர்வதற்கு முன்பே உடைத்து, பணத்தைச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தார் எங்கள் பொருளாளர். சங்க ஃபைலில் அந்த எஃப்டி ரசீதுகளின் ஜெராக்ஸ் அப்படியே இருந்தது. எஃப்டியை உடைக்கச் சொல்லி வங்கிக்குப் போன கடிதத்தில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து. மகள் பிரசவத்துக்காகப் பெங்களூரு கிளம்பிய அவசரத்தில், லெட்டர்ஹெட்டில் நாலு தாளும் செக் புக்கில் பத்து லீஃபும் ஒன்றும் நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். பத்து வருடம் காலையில் ஒன்றாக வாக்கிங் போன மனிதர். இப்போது எழுதும்போதும் வயிறு எரிகிறது.

போலீஸ் புகார் கொடுத்தோம். நம்பிக்கை மோசடி, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 406, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 316. வழக்கு அதன் போக்கில் நடக்கும், பணம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போதுதான் ஒருவர், "நம்மகிட்ட ஃபிடெலிட்டி கேரண்டி பாலிசி இருக்கே சார்" என்றார். ஆமாம், இருந்தது. ஐந்து வருடமாக பிரீமியம் கட்டியிருந்தோம். நம்மிடம் வேலை செய்பவர் நேர்மையில்லாமல் பணத்தைக் கையாடினால் அந்த நஷ்டத்தை ஈடு கட்டும் பாலிசி அது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

கிளெய்மை விசாரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பொருளாளருக்குச் சம்பளம் கொடுத்தீங்களா?"

இல்லை. பணி நியமனக் கடிதம்? இல்லை. வருகைப் பதிவேடு? இல்லை. அவ்வளவுதான், கிளெய்ம் அங்கேயே முடிந்தது. பாலிசியில் 'பணியாளர்' என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு, சங்கத்தின் உத்தரவுப்படி வேலை செய்பவர் என்று அர்த்தம். எங்கள் பொருளாளர் கௌரவப் பதவியில் இருந்தவர். வாட்ச்மேன்களும் துப்புரவு அக்காக்களும் ஏஜென்சி ஆட்கள், அவர்களும் அந்த அர்த்தத்துக்குள் வரமாட்டார்கள். கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த பாலிசிக்குள் வந்தவர்கள் ஒரு பிளம்பரும் ஆபீஸில் ரசீது போடும் ஒரு பெண்ணும்தான். மாதம் இரண்டரை லட்சம் யார் கை வழியாகப் போகிறதோ அவருக்கு அதில் இடமே இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியை நான் திட்டவில்லை. எழுதியிருந்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள். படிக்காதது நாங்கள். ஆனால் படித்திருந்தால் ஒன்று கேட்டிருக்கலாம்: கமிட்டி உறுப்பினர்களையும் இந்த பாலிசியின் காரியத்துக்குப் பணியாளராகவே கருத வேண்டும் என்று ஒரு கூடுதல் பிரிவு. என்டார்ஸ்மென்ட் என்பார்கள். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் கமர்ஷியல் கிரைம் பாலிசியிலும் இதே ஓட்டை உண்டு. அங்கும் சம்பளம் வாங்குபவர்தான் பணியாளர். அதனால் சம்பளமில்லாத தன்னார்வலர்களைச் சேர்க்க என்றே தனி என்டார்ஸ்மென்ட் வைத்திருக்கிறார்கள். ஃப்ளோரிடா மாநிலத்தின் அடுக்குமாடிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சங்கத்தின் பணத்தைக் கையாளும் எல்லோருக்கும் இந்தக் காப்பு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. செக்கில் கையெழுத்துப் போடுபவர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் அதில் அடக்கம். காப்புத் தொகையும், சங்கத்தின் கையில் எந்த ஒரு நேரத்திலும் அதிகபட்சமாக எவ்வளவு பணம் இருக்குமோ அவ்வளவுக்கு இருக்க வேண்டும். எங்கள் பாலிசி 2 லட்சத்துக்கு. எங்கள் கையில் இருந்ததோ 36 லட்சத்துக்கு மேல்.

இதைப் புது கமிட்டியில் நான் எடுத்தபோது புதுப் பொருளாளரின் முகம் சுருங்கிவிட்டது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "முப்பத்தஞ்சு வருஷம் கேஷ் தொட்டவன் சார் நான். வந்ததுமே என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்றார். அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன். "பேங்க்ல நீங்க கேஷ்ல உட்கார்ந்தப்போ உங்களுக்கு இந்த மாதிரி காப்பு இருந்துதா சார்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இருந்தது. ஸ்டாஃப் எல்லாருக்கும் இருந்தது" என்றார். அப்புறம் பாலிசிக்கான விண்ணப்பத்தை, அதாவது ப்ரபோசல் ஃபார்மை, அவரே வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்.

என் கருத்து இதுதான். இந்தக் காப்பு இல்லாததால் முதலில் அடிபடுபவர் நேர்மையான பொருளாளர். எங்கள் விஷயம் வெளியே வந்த பிறகு, அதற்கு முன்னால் பதவியில் இருந்த இரண்டு பேரையும் ஆறு மாதம் லிஃப்டில் பார்த்தாலே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கூலியில்லாமல் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்து வேலை செய்தவர்கள். அதில் ஒருவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு போய்விட்டார்.

பாலிசி எடுக்கும்போது ஆட்களின் பெயரைக் கொடுக்காமல் பதவியைக் கொடுங்கள். கமிட்டி மாறும், பெயர் மாறும், யாரும் என்டார்ஸ்மென்டைத் திருத்த மாட்டார்கள். ஒருவர் பதவியை விட்டுப் போன பிறகு எத்தனை மாதத்துக்குள் கையாடலைக் கண்டுபிடித்தால் கிளெய்ம் செல்லும் என்று பாருங்கள், ஏனென்றால் இந்த மாதிரி விஷயம் அடுத்த கமிட்டி வந்துதான் வெளியே வரும். ஒருவர் தப்பு செய்தது தெரிந்த பிறகும் அவரைப் பதவியில் வைத்திருந்தால் அதற்கப்புறம் நடப்பதற்குக் காப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கணக்கில் காரணம் தெரியாமல் பணம் குறைகிறது என்பதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள், இன்னார் எடுத்தார் என்று காட்ட வேண்டும். டி அண்ட் ஓ, அதாவது நிர்வாகிகளுக்கான பொறுப்புக் காப்பு பாலிசி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது கமிட்டி எடுத்த முடிவுக்காக யாராவது வழக்குப் போட்டால் உதவுவது. சங்கத்தின் பணம் களவு போனதற்கு அது வராது.

இன்னொன்று. இப்படிச் சேர்க்கச் சொன்னால் கம்பெனி நிபந்தனை போடும்: இரண்டு கையெழுத்து, மாதாமாதம் வங்கி ஸ்டேட்மென்டைக் கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆள் ஒப்பிட்டுப் பார்ப்பது, வருட ஆடிட். போடட்டும். எங்களிடம் இரண்டு கையெழுத்து விதி அப்போதும் இருந்தது. நான் முன்கூட்டியே போட்டுக் கொடுத்த கையெழுத்தால் அது ஒன்றுமில்லாமல் போனது. ப்ரபோசல் ஃபார்மில் 'ஆம்' என்று எழுதிவிட்டு நான் செய்த மாதிரி செய்தால் கிளெய்ம் நிற்காது.

எங்கள் பாலிசி அடுத்த மாதம் புதுப்பிக்க வருகிறது. ஏஜென்ட் "கேட்டுச் சொல்றேன் சார்" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சங்கம், கோயில் கமிட்டி, பழைய மாணவர் அமைப்பு என்று எதிலாவது பொறுப்பில் இருக்கும் நண்பர்கள், உங்கள் பாலிசியில் சம்பளமில்லாத பொறுப்பாளர்களைச் சேர்த்து வாங்கியிருந்தால் அந்தப் பிரிவின் வாசகத்தை எனக்கு அனுப்புங்கள். அதைக் காட்டித்தான் நான் கேட்கப்போகிறேன்.